மாணவர் ஓவியக் கண்காட்சி: சுவரை அளப்பது முதல் ஆணி பிடுங்குவது வரை

படைப்புகள் கேட்டு நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன், டேப்பை எடுத்துக்கொண்டு கல்லூரிக் கூடத்துக்குப் போங்கள். "எத்தனை பேர் கொடுக்கிறார்களோ பார்க்கலாம், எப்படியாவது மாட்டிவிடலாம்" என்று தொடங்கும் காட்சிகள் எல்லாம் ஒரே மாதிரிதான் முடிகின்றன. ஃபிரேமும் ஃபிரேமும் உரசிக்கொண்டு நிற்கும், நல்ல படம் எது என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். எத்தனை படம் என்பதைச் சுவர்தான் சொல்ல வேண்டும், வகுப்பு வருகைப் பதிவேடு சொல்லக் கூடாது.

கணக்கு எளிது. 40 அடிக்கு 25 அடிக் கூடம் என்றால் சுற்றளவு 130 அடி. அதில் கதவு, ஜன்னல், சுவிட்ச் போர்டு, தீயணைப்பான், மேடை எல்லாம் சுமார் 30 அடியைத் தின்றுவிடும். மீதி 100 அடி. சராசரியாக ஒரு படம் இரண்டரை அடி அகலம், பக்கத்துப் படத்துக்கு ஒன்றரை அடி இடைவெளி. ஆக ஒரு படத்துக்கு 4 அடி. அந்தக் கூடத்துக்கு 25 படம். இதற்கு மேல் வேண்டுமென்றால் தடுப்புப் பலகைதான் வழி. எட்டுக்கு நாலு அடி பிளைவுட்டை நெட்டாக நிறுத்தினால் பக்கத்துக்கு ஒரு படம், பலகைக்கு இரண்டு. பத்துப் பலகை போட்டால் 20 படம் கூடும். 12 எம்.எம். பலகை ஒன்று சுமார் 20 கிலோ வரும், தனியாக நிற்காது. இரண்டிரண்டாகக் கீல் போட்டு எல் வடிவத்தில் நிறுத்துங்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் 5 அடியாவது விடுங்கள். விடாவிட்டால் பின்னால் நகர்ந்து பார்ப்பவர் முதுகு எதிர்ப் படத்தில் இடிக்கும்.

ஏ4 அளவு ஓவியங்கள், அச்சுகள் நிறைய வந்தால் ஆறு, ஒன்பது என்று கூட்டமாக இரண்டு அங்குல இடைவெளியில் மாட்டி, மொத்தத்தையும் ஒரே படமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். பெரிய கேன்வாஸுக்கு இந்தச் சலுகை கிடையாது.

தேதி

வேலூரில் காட்சி வைக்கத் தோதான காலம் பொங்கல் விடுமுறை முடிந்து மார்ச் நடுப்பகுதி வரை. ஏப்ரல், மே செமஸ்டர் தேர்வு. அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத கூடத்தில் டபுள் சைடு டேப் இளகும், பார்க்க வருகிறவரும் ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிடுவார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் காகிதம் ஈரம் குடித்து அலை அலையாக எழும். ஆகஸ்ட், செப்டம்பரிலும் வைக்கலாம், ஆனால் சாயங்கால மழையை நினைத்து மாலை விழாவைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தேதி குறிக்கும்போதே மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் உங்கள் துணைமின் நிலையத்துக்கு எந்த நாள் என்று கேட்டுவிடுங்கள். நாளிதழில் வரும்தான், ஆனால் அதற்குள் அழைப்பிதழ் அச்சாகியிருக்கும். ஜெனரேட்டர் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். பல வளாகங்களில் அது வகுப்பறைக்கும் ஆய்வகத்துக்கும்தான், காட்சிக்கூடத்து விளக்கு அந்த லைனில் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெயினை அணைத்துச் சோதித்துப் பாருங்கள்.

ஐந்து நாள் போதும். அதில் ஒரு சனிக்கிழமை இருக்கட்டும். ஆம்பூரிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் அப்பா அம்மா அன்றைக்குத்தான் வருவார்கள். வாசலில் செக்யூரிட்டியிடம் அவர்கள் மல்லுக்கட்டாமல் இருக்க, வெளியாள் வரும் நாட்களையும் நேரத்தையும் குறிப்பிட்டு பதிவாளர் அல்லது முதல்வர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கி வாசலில் முன்கூட்டியே கொடுங்கள். இதை மறந்துவிட்டு மாவட்டம் முழுக்க அழைப்பிதழ் அனுப்பிப் பயனில்லை.

விண்ணப்பமும் தேர்வும்

ஆறு வாரம் முன்பு விண்ணப்பம். அதில் கேட்க வேண்டியவை: தலைப்பு, ஊடகம் (எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம் என்பது போல), ஃபிரேமோடு சேர்த்து உயரம், அகலம், எடை, ஆண்டு, விற்பனைக்கா இல்லையா, விலை. அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு என்று படிவத்திலேயே எழுதுங்கள். ஆளுக்கொரு விதமாக எழுதினால் மாட்டும் திட்டம் முழுக்கத் தப்பிவிடும். எடையை யாரும் கேட்பதில்லை. நாலடிக் கண்ணாடி ஃபிரேம் வந்து இறங்கிய பிறகுதான் ஆணி தாங்காது என்று தெரியும்.

தேர்வுக் குழு மூன்று பேர், ஒருவர் வெளி ஆள். பெயரை மறைத்துப் பாருங்கள். "எல்லாருக்கும் ஒன்றாவது" என்ற பேச்சு கட்டாயம் வரும். முதலாண்டு மாணவர்களுக்கு அதில் நியாயம் உண்டு. ஆனால் ஆளுக்கு ஒன்று என்று வைத்தால் எது என்பதைக் குழுதான் எடுக்க வேண்டும், மாணவரிடம் விடக் கூடாது. மாணவருக்குப் பிடித்தது பெரும்பாலும் அதிக நாள் உட்கார்ந்து போட்ட படமாக இருக்கும், சிறந்த படமாக இருக்க வேண்டியதில்லை.

எண்ணெய் வண்ணப் படம் என்றால் எப்போது முடித்தது என்று கேளுங்கள். மெல்லிய பூச்சே தொட்டால் ஒட்டாமல் காயச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். கத்தியால் தடிமனாக அப்பியது மேலே தோல் கட்டி, உள்ளே மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். காட்சிக்கு முந்தின வாரம் முடித்த தடிப்பூச்சுப் படத்தைத் துணிந்து அடுத்த காட்சிக்குத் தள்ளிவிடுங்கள்.

ஃபிரேம்

நம் ஊர் ஃபிரேம் கடைகளுக்கு முக்கிய வேலை சாமி படமும் கல்யாண போட்டோவும். கடைக்காரர் கை பழகிய முறையில் படத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, பின்னால் அட்டை அடித்து, பிரவுன் டேப் போட்டுக் கொடுத்துவிடுவார். சாமி படம் போன்ற அச்சுப் படத்துக்கு அது சரி. நீர்வண்ணத்துக்கும், கெட்டி நீர்வண்ணமான கௌவாஷுக்கும் ஆகாது. கண்ணாடிக்குள் வேர்க்கும் ஈரத்தில் வண்ணம் கண்ணாடியில் ஒட்டும், பூஞ்சை பிடிக்கும். நடுவில் மவுண்ட் போர்டு, அதாவது படத்தைச் சுற்றி வரும் தடித்த அட்டை, வெட்டிப் போடச் சொல்லுங்கள். அது தரும் ஒன்றரை, இரண்டு எம்.எம். இடைவெளிதான் படத்தைக் காப்பாற்றுகிறது. மவுண்ட் பக்கத்துக்கு இரண்டரை அங்குலம், அடியில் மூன்று. நிறம் வெள்ளை அல்லது தந்த நிறம். தங்க நிற பீடிங் சட்டத்தைக் கடைக்காரர் ஆசையாக எடுத்துக் காட்டுவார், வேண்டாம் என்று சொல்லுங்கள். எல்லாருக்கும் ஒரே அரை அங்குலக் கறுப்பு அல்லது மர நிற பீடிங் என்று மொத்தமாகக் கொடுத்தால் விலையும் குறையும், சுவரும் ஒன்றுபோலத் தெரியும்.

காகிதத்தை மவுண்டில் நாலு பக்கமும் ஒட்டக் கூடாது. மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் பேப்பர் டேப்பால் தொங்கவிடுங்கள். ஈரம் ஏறும்போது காகிதம் விரிய இடம் வேண்டும். நாலு பக்கமும் பிடித்துவைத்தால் நடுவில் புடைக்கும். செல்லோடேப் எங்கேயும் வேண்டாம், மஞ்சள் கறை காகிதத்துக்குள் இறங்கிவிடும்.

கண்ணாடியா, அக்ரிலிக் ஷீட்டா? பெரிய படத்துக்கு 2 எம்.எம். அக்ரிலிக் எடை குறைவு, எளிதில் உடையாது. கரித்துண்டு, பேஸ்டல் படங்களுக்கு மட்டும் கண்ணாடிதான். அக்ரிலிக்கைத் துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி, காகிதத்தில் இருக்கும் கரித்தூளை இழுத்துத் தன் உள்பக்கம் ஒட்டவைத்துக்கொள்ளும். திறப்பு விழாவன்று காலையில் யாராவது அக்கறையாகத் துடைப்பார்கள், பத்து மணிக்குள் ஓவியம் மங்கிவிடும்.

கேன்வாஸுக்கு ஃபிரேம் தேவையில்லை. ஓரத்தை ஒரே வண்ணத்தில் பூசி, பின்சட்டத்தின் மூலைக் கட்டைகளைத் தட்டித் துணியை இறுக்கினால் போதும். தொய்ந்த கேன்வாஸில் பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளிப்பது ஒரு பழைய வழி. அப்போதைக்கு இறுகும், காய்ந்த பிறகு மறுபடி தொய்யும்.

கொண்டுவருவது

மூன்றடிக்கு மேற்பட்ட கேன்வாஸ் டவுன் பஸ்ஸில் ஏறாது. ஏறினாலும் முழுசாக இறங்காது. ஊர்வாரியாகச் சேர்த்து ஒரு குட்டி யானை லோடு வண்டி பேசுங்கள். படங்களைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, முகத்தோடு முகம் வைத்து, நடுவில் மூலைக்கு ஒரு தெர்மாகோல் துண்டு வையுங்கள். அக்ரிலிக் வண்ணத்தின் மேல் பபுள் ஷீட்டை நேராகச் சுற்றினால் வெயிலில் குமிழ் அச்சு அப்படியே பதியும். முதலில் பட்டர் பேப்பர், அதன் மேல் பபுள் ஷீட், குமிழ் வெளிப்பக்கம்.

வாங்கும்போது ஒவ்வொரு படத்தையும் போனில் முன்னும் பின்னும் எடுத்து, ஏற்கனவே இருக்கும் கீறலை ரசீதில் எழுதி மாணவர் கையெழுத்தை வாங்குங்கள். திருப்பிக் கொடுக்கும் நாளில் வரும் பஞ்சாயத்தில் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

மாட்டுவது

ஆணி எடுக்கும் முன் படங்களையெல்லாம் அந்தந்தச் சுவரடியில் தரையில் சாய்த்து வைத்து ஒரு மணி நேரம் இடம் மாற்றிப் பாருங்கள். வாசலில் நுழைந்ததும் எதிரே தெரியும் சுவருக்கு வலுவான ஒரே படம். பளீர் சிவப்புப் படத்துக்குப் பக்கத்தில் மெல்லிய பென்சில் ஓவியத்தை வைக்காதீர்கள், அது செத்துவிடும். ஒரே மாணவரின் இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

உயரக் கணக்கு இதுதான்: எல்லாப் படத்தின் மையமும் தரையிலிருந்து 58 அங்குலத்தில். மேல் விளிம்பை ஒரே கோட்டில் வைக்கும் பழக்கம் இங்கே அதிகம். சின்னப் படங்கள் உச்சியில் தொங்குவது அதனால்தான். ஆணியின் உயரம் = 58 + படத்தின் உயரத்தில் பாதி − கம்பியை இழுத்துப் பிடித்தால் அதற்கும் ஃபிரேமின் மேல் விளிம்புக்கும் உள்ள தூரம். 30 அங்குல உயரப் படம், கம்பி 3 அங்குலம் கீழே நிற்கிறது என்றால், 58 + 15 − 3, ஆணி 70 அங்குலத்தில். பள்ளிப் பிள்ளைகளை அழைத்திருந்தால் 58ஐ 56 ஆக்கிக்கொள்ளலாம். அதற்கும் கீழே போனால் பெரியவர்கள் குனிய வேண்டும்.

தரையை நம்பி அளக்காதீர்கள். பழைய கூடங்களில் கழுவிவிடும் தண்ணீர் வாசல் பக்கம் ஓட வாட்டம் கொடுத்திருப்பார்கள். 40 அடியில் இரண்டு அங்குலம் வித்தியாசம் வந்தாலும் ஆச்சரியமில்லை. கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவலை (தண்ணீர் நிரப்பிய குழாய்) வாங்கி, ஒரு மூலையில் 58ஐக் குறித்து, அதே மட்டத்தை மறு மூலையிலும் குறித்து, நடுவில் நூல் கட்டுங்கள். அந்த நூலிலிருந்து அளந்தால் வரிசை நேராக நிற்கும். ஒவ்வொரு ஃபிரேமின் தலையிலும் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பது அதன் பிறகுதான்.

ஃபிரேமின் பின்னால் டி வளையங்களை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கிப் போடுங்கள். கம்பி முறுக்கிய இரும்புக் கம்பியாக இருக்கட்டும். நைலான் நரம்பு எடையில் மெல்ல நீளும், மூன்றாம் நாள் வரிசை கெட்டுப்போகும். இரண்டடிக்கு மேல் அகலமான படத்துக்கு இரண்டு ஆணி. ஒற்றை ஆணியில் தொங்கும் படம், மின்விசிறிக் காற்றுக்கே ஒருபக்கம் சாயும். இரண்டு ஆணி என்றால் கம்பியின் தூரத்தை இரண்டு விரலால் ஆணி வரும் இடங்களில் இழுத்துப் பிடித்து அளக்க வேண்டும், நடுவில் அளந்தது பொருந்தாது.

எந்த ஆணி என்பது சுவரைப் பொறுத்தது. சிமென்ட் பூச்சு என்றால் ஐந்து கிலோ வரை ஒன்றரை அங்குல கான்கிரீட் ஆணி போதும். அதற்கு மேல் 6 எம்.எம். பிட்டால் துளையிட்டு, ஸ்க்ரூ பிடிக்கும் பிளக் செருகி, ஸ்க்ரூ. பழைய கட்டடத்துச் சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடித்தால் கைப்பிடி மண் கொட்டும். அங்கே துளைதான், அதுவும் செங்கல் வரை ஆழமாக. துளையிடும் இடத்தில் முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் வண்ணம் பெயராது. அதன் கீழே மடித்த காகிதத்தை ஒட்டி வைத்தால் தூள் அதில் விழும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளையிடவே கூடாது, உள்ளே ஒயர் ஓடும் வழி அது. ஒட்டும் கொக்கிகளை டிஸ்டம்பர் சுவரில் நம்ப வேண்டாம். கொக்கி பிடித்துக்கொண்டுதான் இருக்கும், சுவரின் தோல் உரிந்து படத்தோடு கீழே வரும்.

சுவரில் கை வைக்கவே அனுமதி இல்லை என்றால் கூரை ஓரத்தில் இரும்புப் பட்டி, அதில் எஸ் கொக்கி, மெல்லிய சங்கிலி. முதலில் செலவு, பிறகு வருஷா வருஷம் மிச்சம். வளாகக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் அலுவலகத்தை ஒருமுறை சம்மதிக்கவைக்க முடிந்தால் இதைவிட நல்ல முதலீடு இல்லை.

வெளிச்சம்

கூடத்தில் இருக்கும் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை ட்யூப்லைட் காவியையும் தோல் நிறத்தையும் சாம்பலாக்கும். 3000 முதல் 4000 கெல்வின் எல்.இ.டி. ஸ்பாட், வண்ணத் துல்லிய எண் 90க்கு மேல் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அட்டைப் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று போட்டிருக்கும். விளக்கு செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்து படத்தின் மேல் விழ வேண்டும். அதைவிடச் சாய்த்தால் பார்ப்பவரின் நிழலே படத்தில் விழும், குறைத்தால் ஃபிரேமின் நிழல் விழும். அருங்காட்சியகங்கள் படத்தின் மேல் விழும் வெளிச்சத்தை நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ், எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் என்று வைத்துக்கொள்கின்றன. ஐந்து நாள் காட்சியில் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. மேற்கு ஜன்னலை மட்டும் மறந்துவிடாதீர்கள். மூன்று மணிக்கு மேல் வேலூர் வெயில் நேராக உள்ளே வந்து எதிர்ச்சுவர் கண்ணாடி முழுக்க ஜன்னலையே காட்டும். கெட்டித் துணி கட்டுங்கள்.

சிலை, தொங்கல், டிவி

சின்னச் சிலைகளுக்குப் பீடம் மூன்றடி உயரம், ஓரடிச் சதுரம். பிளைவுட் பெட்டிக்குள் ஒரு மணல் மூட்டையை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு துப்பட்டா மாட்டினாலே சாய்ந்துவிடும். காட்பாடிப் பக்கத்துக் கரிகிரிக்குப் போய்ச் சுடுமண் வேலை பழகிவரும் மாணவர்கள் இருந்தால், சுட்டதா பச்சையா என்று கேட்டு வாங்குங்கள். சுடாத மண் லாரிச் சாலை அதிர்விலேயே விரிசல் விடும். ராணிப்பேட்டை, ஆம்பூர்த் தோல் துண்டுகளில் செய்த படைப்பு வந்தால் ஒரு வாரம் நிழலில் காற்றாட வைத்துவிட்டுக் கூடத்துக்குள் கொண்டுவாருங்கள். மூடிய அறையில் அந்த வாடைதான் முதலில் வரவேற்கும்.

ஃபால்ஸ் சீலிங்கில் எதையும் தொங்கவிடக் கூடாது. அந்தச் சட்டம் தன் பலகையைத் தாங்கத்தான் இருக்கிறது. மின்விசிறிக் கொக்கியும் அப்படியே, விசிறி சுற்றும்போது தொங்கல் கயிறு சுருட்டிக்கொள்ளும். காணொளி என்றால் லேப்டாப் வேண்டாம், பென் டிரைவ் செருகிய டிவி போதும். திரும்பத் திரும்ப ஓடும் வசதி அந்த டிவியில் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள்.

லேபிள்

நாலுக்கு இரண்டரை அங்குலம், 300 ஜி.எஸ்.எம். அட்டை அல்லது சன்போர்டில் (லேசான ஃபோம் பலகை) ஒட்டியது. படத்தின் வலப்பக்கம், அடி விளிம்புக்குச் சமமாக. பெயரும் வகுப்பும், தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு, அவ்வளவுதான். விளக்கக் கட்டுரை வேண்டாம். எழுத்து 16 புள்ளிக்குக் குறையக் கூடாது.

டி.டி.பி. கடையில் ஒரு தொல்லை எப்போதும் காத்திருக்கும். நீங்கள் யூனிகோடில் அடித்துக் கொடுத்ததை அவர்கள் பழைய மென்பொருளில் திறப்பார்கள், ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். எழுத்துரு பதித்த பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள். ஒரே ஒரு லேபிளை அச்சடித்துப் பார்த்துவிட்டு மீதியைப் போடச் சொல்லுங்கள். பெயரின் இனிஷியல், ண, ன, ந பிழைகளை அந்தந்த மாணவரே பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

திறப்பும் காவலும்

குத்துவிளக்குக்கு எந்தப் படத்திலிருந்தும் பத்தடி தூரம், கீழே ஒரு தட்டு, ஏற்றும் ஐந்து நிமிஷம் பக்கத்து விசிறியை அணைக்க ஒரு ஆள். வெளியில் வாசல் தாழ்வாரத்தில் ஏற்றிவிட்டு உள்ளே வருவது இன்னும் நல்லது. பொன்னாடை, பூங்கொத்து எதுவும் பீடத்தின் மேல் வைக்கப்படாமல் பார்க்க ஒருவர் நிற்க வேண்டும்; கைக்கு எட்டும் தட்டையான இடம் எல்லாம் மேஜை என்றுதான் விருந்தினர் நினைப்பார். டீ, வடை கூடத்துக்கு வெளியே. பிளாஸ்டிக் பூச்சுக் கப்புக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது, கேன்டீன்காரரிடம் எவர்சில்வர் டம்ளர் கேட்டு வாங்குங்கள். ஃப்ளெக்ஸுக்கும் சால்வைக்கும் போகும் பணத்தில் பாதியை விளக்குக்கும் மவுண்டுக்கும் திருப்பிவிட்டாலே காட்சி மாறிவிடும், ஆனால் இதை எந்த விழாக்குழுவும் முதல் கூட்டத்தில் ஒத்துக்கொள்ளாது.

காவலுக்கு ஒரு நேரத்தில் இரண்டு பேர், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று. ஒருவர் வாசலில் வருகைப் பதிவேட்டோடு, மற்றவர் உள்ளே நடமாடியபடி. செல்ஃபி எடுப்பவர் பின்னால் நகர்ந்து படத்தில் சாய்வதுதான் அதிகம் நடக்கும் விபத்து. தொடுபவர்கள் அதற்கு அடுத்துதான். சுவரிலிருந்து இரண்டடி தள்ளித் தரையில் ஒரு டேப் ஒட்டினால் பெரும்பாலோர் தாண்ட மாட்டார்கள். தினமும் காலையில் திறந்ததும் ரசமட்டத்தோடு ஒரு சுற்று.

விற்பனை உண்டென்றால் பணம் யார் வாங்குவது, ரசீது யார் பெயரில் என்பதை நிதி அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்ற படத்தின் லேபிளில் சிவப்புப் பொட்டு. காட்சி முடியும்வரை படம் சுவரைவிட்டு இறங்கக் கூடாது.

இறக்குவது

கடைசி நாள் மாலை பார்வையாளர் போன பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். எந்த மாணவரும் தன் படத்தைத் தானே கழற்றக் கூடாது, இரண்டு பேர் கொண்ட ஒரே குழு வரிசையாகக் கழற்றட்டும். ரசீதையும் போனில் எடுத்த படத்தையும் ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். ஆணியை நேராக இழுக்காமல், சுத்தியலின் கவைக்குக் கீழே ஒரு மரத்துண்டு வைத்து எடுத்தால் பூச்சு உடையாது. துளையில் வால் புட்டியை அழுத்தி அடைத்து, காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, சுவரின் அதே ஷேடு எண் பெயின்ட்டால் ஒற்றுங்கள். அந்த எண்ணை எஸ்டேட் அலுவலகத்தில் முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும், வெள்ளையிலேயே பத்து வகை இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளாத படங்களுக்குக் கூடம் பொறுப்பல்ல என்ற வரி விண்ணப்பத்தின் அடியில் இருந்திருந்தால், ஸ்டோர் ரூமில் போன வருஷத்துக் கேன்வாஸ்கள் குவியாது.